புகைப்பழக்கத்தை வெல்ல மனக்காட்சிப் பயிற்சி

மனசு இருக்கிறது, வழிதான் இல்லை

புகைப்பதை விட முடியாதவரைப் பார்த்து, “விடணும்னு மனசு இருந்தா விட்டிருப்பான்” என்று சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். கணக்கெடுப்பு அப்படிச் சொல்லவில்லை. 2016-17இல் வயதுவந்தோரிடையே நடந்த தேசிய அளவிலான புகையிலைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் புகைப்பவர்களில் 55.4 சதவீதத்தினர் விடத் திட்டமிட்டோ, விடுவது பற்றி யோசித்தோ வந்தது தெரிந்தது. ஆனால், எந்தத் துணையும் இல்லாமல் எடுக்கும் முயற்சிகளில் சுமார் 4 சதவீதமே வெற்றி பெறுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பாதிக்கு மேற்பட்டோரிடம் மனசு இருக்கிறது. அதைச் செயலாக்கும் பயிற்சிதான் கிடைக்கவில்லை. எளிய, செலவில்லாத அத்தகைய பயிற்சிகளில் ஒன்று, பிறர் குரலின் துணையோடு மனத்தில் காட்சிகளை உருவாக்கிப் பழகும் மனக்காட்சிப் பயிற்சி.

ஆசை படமாகவே வருகிறது

நிகோட்டின் மூளையை அடிமைப்படுத்துகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், தம் அடிக்கும் ஆசை நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. ஷூ கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும், சாப்பிட்டுக் கை கழுவியதும் அது திடீரென்று எழுகிறது. கவனா, ஆண்ட்ரேட், மே என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள் 2005இல் முன்வைத்த கோட்பாடு இதை விளக்குகிறது. முதலில் ஒரு சிறு நினைப்பு வந்து போகிறது. அதை நாம் பிடித்துக்கொண்டு விரலிடுக்கில் சிகரெட், தொண்டையில் இறங்கும் புகை, அதன் வாசனை என்று மனத்துக்குள் விரிக்கும்போதுதான் ஆசை அடக்க முடியாததாகிறது. அப்படியானால் புத்தி சொல்வதும் பயமுறுத்துவதும் மட்டும் போதாது. ஒரே திரையில் ஒரே நேரத்தில் இரண்டு படம் ஓடாது. மனத்தை வேறொரு தெளிவான காட்சி நிறைத்துக்கொண்டால், புகையின் காட்சி மங்குகிறது. ஆசையின் உச்சம் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும் என்பதால், அந்தச் சில நிமிடங்களைக் கடத்துவதே பெரிய வெற்றி.

ஆய்வு காட்டுவது என்ன?

அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் கிறிஸ்டின் விண்ட், புகைக்கும் 71 பேரிடம் நடத்திய ஆய்வை 2005இல் வெளியிட்டார். அவர்களை இரு பிரிவாகப் பிரித்து, இரு பிரிவினருக்கும் புகைப்பதை விடுவதற்கான ஆலோசனை தரப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாக மனக்காட்சிப் பயிற்சி கற்றுத்தரப்பட்டு, 20 நிமிட ஒலிப்பதிவின் துணையோடு நாளுக்கு ஒரு முறையாவது செய்யும்படி சொல்லப்பட்டது. 24 மாதங்கள் கழித்து, பயிற்சி பெற்றவர்களில் 26 சதவீதத்தினரும் மற்றவர்களில் 12 சதவீதத்தினரும் புகைக்காமல் இருந்தனர். இரண்டு மடங்குக்கும் அதிகம் என்று மகிழலாம். நான்கில் மூன்று பேர் அப்போதும் விடவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. ஆய்வும் சிறியது. இது அதிசய மருந்து அல்ல. ஆலோசனையின் பலனைக் கூட்டக்கூடிய துணைக்கருவி.

செய்வது எப்படி?

அமைதியான இடத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள். உடல் தளர்ந்ததும், உங்களை வழக்கமாகப் புகைக்க வைக்கும் இடத்தையே மனத்தில் கொண்டுவாருங்கள். டீ கொதிக்கும் வாசனை, பாய்லரின் சூடு, நண்பர் நீட்டும் பீடிக்கட்டு எல்லாம் தெரியட்டும். பிறகு, “வேண்டாம்ப்பா, விட்டுட்டேன்” என்று சொல்லி, டீயை மட்டும் குடித்துவிட்டு எழுந்து நடப்பதாகக் காணுங்கள். மூச்சு இரைக்காமல் படியேறுவதையும், குழந்தையைத் தயக்கமின்றித் தூக்கிக் கொஞ்சுவதையும் அடுத்துக் காணுங்கள். வீட்டிலுள்ள ஒருவரின் குரலில் இதைச் செல்போனில் பதிவுசெய்து தினமும் கேட்கலாம். அமைதியான நேரத்தில் பலமுறை ஒத்திகை பார்த்த பதில்தான், உண்மையான டீக்கடையில் வாயில் எளிதாக வரும். வண்டி ஓட்டும்போதும் இயந்திரத்தில் வேலை செய்யும்போதும் இதைச் செய்யக் கூடாது.

எழும் ஐயங்கள்

“உடம்பு கேட்பதைக் கற்பனை எப்படித் தீர்க்கும்?” என்பது நியாயமான கேள்வி. தீர்க்காது. புகைப்பதை நிறுத்தியதும் வரும் எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி போன்ற விலகல் தொல்லைகளுக்கு நிகோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை ஆகியவையும், மருத்துவர் பரிந்துரைக்கும் பூப்ரோபியான், வேரனிக்ளின் மாத்திரைகளும் உள்ளன. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மருந்தையும் நடத்தை மாற்றத்துக்கான ஆலோசனையையும் சேர்த்துத் தருவதே நல்லது என்கிறது. மனக்காட்சி அந்த ஆலோசனைப் பக்கத்தில் சேர்வது. மருந்துக்கு மாற்று அல்ல. “இது வசியம்தானே?” என்போரும் உண்டு. இதில் யாரும் உங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. முழு உணர்வோடு நீங்களே செய்வது. யோக நித்திரை பழகியவர்களுக்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது. கண்ணை மூடினால் படமே தெரியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஒலி, வாசனை, தொடு உணர்வு ஆகியவற்றை நினைவில் கொண்டுவரலாம்.

தோல் தொழில் வட்டாரத்துக்கு ஏன் அவசரம்?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் டேனரிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் வேலை செய்பவர்களின் மூச்சில் ஏற்கெனவே தோல் தூசியும் பசை, கரைப்பான்களின் ஆவியும் கலக்கின்றன. மூக்குக்குழியிலும் அதைச் சுற்றியுள்ள எலும்பறைகளிலும் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகத் தோல் தூசியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. தூசியைக் குறைப்பது நிர்வாகத்தின் கடமை. அதைத் தொழிலாளி தனியாக மாற்ற முடியாது. புகையை நிறுத்துவது அவர் கையில் இருக்கிறது. அதற்கும் அவரைத் தனியாக விடக் கூடாது. கம்பெனிகளின் மருத்துவ முகாம்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தமிழில் 10 நிமிட ஒலிப்பதிவு ஒன்றைத் தருவதற்குப் பெரிய செலவு ஆகாது. புகைப்பதை நிறுத்துவதன் பலன் தாமதமாகவும் வராது: நிறுத்திய 20 நிமிடத்தில் இதயத்துடிப்பு குறையத் தொடங்குகிறது, ஓராண்டில் மாரடைப்பு அபாயம் புகைப்பவரோடு ஒப்பிட சுமார் பாதியாகிறது. சிகரெட், பீடிப் பாக்கெட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கிறது. அடுத்த பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன்பு அந்த எண்ணை அழையுங்கள்.