கருங்கோழியின் அடையில் பழுப்புக் குஞ்சு

பெற்றோரைப் போலவே பிள்ளை இருக்கும் என்பது உலக வழக்கு. கோழி வளர்ப்போர் வீட்டிலோ இவ்வழக்கு அடிக்கடி பொய்த்துப் போகிறது. கருஞ்சேவலும் கரும்பெட்டையும் சேர்ந்த அடையில் பழுப்புக் குஞ்சு தோன்றினால், “முட்டை மாறிவிட்டது” என்பார் ஒருவர். “சகுனம் சரியில்லை” என்பார் மற்றொருவர். கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், இதன் பொருட்டு அடுத்தடுத்த லய வீட்டார் இருவர் மாதக்கணக்கில் பேசாதிருந்ததை நான் அறிவேன். பொரித்த எட்டுக் குஞ்சுகளில் ஆறு கறுப்பு, இரண்டு பழுப்பு. அவ்விரண்டும் தம் பெட்டையின் முட்டையிலிருந்து வந்தவை என்று அடுத்த வீட்டம்மாள் உரிமை கொண்டாடினார். உண்மையில் எவரும் திருடவில்லை, முட்டையும் மாறவில்லை. ஒளிந்திருந்த நிறம் வெளிப்பட்டது, அவ்வளவே. அது எங்ஙனம் என்பதைக் காண்போம்.

கோழி இறகின் பலவகை வண்ணங்களுக்கும் அடிப்படையானவை இரண்டே நிறமிகள். ஒன்று கறுப்பு, மற்றொன்று செம்பழுப்பு. இவை எங்கே, எவ்வளவு படிய வேண்டும் என்று பணிப்பவை மரபணுக்கள். நம் செம்பனைத் தோட்டங்களின் ஓரத்தில் இன்றும் மேயும் காட்டுக்கோழியே வீட்டுக் கோழிகளுக்கு முதன்மையான மூதாதை. சிவந்த கழுத்தும் கரிய மார்பும் கொண்ட சேவல், பழுப்புப் பெட்டை, முதுகில் வரியோடிய குஞ்சு ஆகியவை அதன் இயல்பான கோலம். மற்ற நிறங்கள் யாவும் இக்கோலத்தின்மேல் நேர்ந்த மாறுதல்களே.

பெரும்பாலான மரபணுக்கள் இரட்டையாக அமைந்தவை. ஒன்று தந்தை தந்தது. மற்றது தாய் தந்தது. முழுக் கறுப்பைத் தரும் மரபணு ஓங்கியது. அதன் துணை காட்டுக்கோழி நிறத்துக்குரியதாயினும் கோழி கறுப்பாகவே வளரும். ஆனால் ஒடுங்கிய நிறம் அழிந்துபோவதில்லை. மெண்டல் என்னும் துறவி பட்டாணிச் செடிகளில் கண்டு 1866இல் வெளியிட்ட இவ்விதி கோழிகளுக்கும் பொருந்தும் என்பதை, 1902இல் இங்கிலாந்து நாட்டு அறிஞர் பேட்சன் காட்டினார்.

இனி நம் வழக்குக்கு வருவோம். விசாரித்தபோது, அந்தச் சேவலும் பெட்டையும் ஒரே அடையில் பிறந்தவை என்று தெரிந்தது. அவற்றின் தாய் கறுப்பு, தந்தை செஞ்சேவல். ஆகவே இரண்டும் வெளியே கறுப்பு. உள்ளே தந்தையின் நிறத்தையும் சுமந்தவை. அத்தகைய இணையின் குஞ்சுகளில் சராசரியாக நான்கில் ஒன்று ஒடுங்கிய மரபணுவை இருபுறமும் பெற்றுப் பழுப்பாகும். எட்டில் இரண்டு என்பது அக்கணக்கே. ஆயினும் இது நாணயம் சுண்டுவது போன்றது. எல்லா அடையிலும் கணக்கு இப்படியே அமையும் என்று எதிர்பார்க்கலாகாது.

வெள்ளையிலும் இரு வகை உண்டு. லெக்ஹார்ன் கோழியின் வெள்ளை, கறுப்பு நிறமியை மறைக்கும் ஓங்கிய வெள்ளை. மற்றொன்று ஒடுங்கிய வெள்ளை. நிறமுள்ள பெற்றோருக்கும் திடீரெனப் பிறக்கும். சாம்பல் நிறமோ இவற்றினும் வேடிக்கையானது. ஸ்பெயின் நாட்டு அந்தலூசியக் கோழியின் நீலச்சாம்பல், கறுப்பை நீர்க்கச் செய்யும் மரபணு ஒன்றே ஒன்று இருப்பதால் வருவது. இரு சாம்பல் கோழிகளைச் சேர்த்தால், சராசரியாகப் பாதி சாம்பலாகும். கால் பங்கு கறுப்பாகும். எஞ்சிய கால் பங்கு மை தெளித்த வெள்ளையாகும். இவ்வகைச் சாம்பல் மட்டுமே பிறக்கும் வம்சத்தை எவராலும் உண்டாக்க இயலாது.

வரிகளால் கிடைக்கும் பயன் பெரிது. பிளிமத் ராக் கோழியின் வெள்ளை வரிக்குரிய மரபணு, பாலை நிர்ணயிக்கும் குரோமோசோமில் உள்ளது. சேவலுக்கு அக்குரோமோசோம் இரண்டு, பெட்டைக்கு ஒன்றே. பெட்டைக் குஞ்சு அதனைத் தந்தையிடமிருந்து மட்டுமே பெறுகிறது. எனவே ரோட் ஐலண்ட் சிவப்புச் சேவலை வரிப் பெட்டையுடன் சேர்த்தால், தாயின் வரி மகன்களுக்கு மட்டுமே செல்லும். பொரித்த அன்றே உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருப்பது சேவல், இல்லாதது பெட்டை. முட்டைக்காக வளர்ப்போருக்கு இதனால் தீவனச் செலவு எவ்வளவு மிச்சம்! ஆனால் வரிச் சேவலைச் சிவப்புப் பெட்டையுடன் சேர்த்தால் இந்த அடையாளம் கிட்டாது.

இன்னுமொரு மயக்கத்தையும் தெளிவித்தல் நன்று. நம் நாட்டில் சீனர்கள் மருந்துச் சூப்புக்கு வாங்கும் பட்டுக்கோழியின் இறகு பெரும்பாலும் வெள்ளை. தோலும் எலும்பும் கறுப்பு. இறகின் நிறத்தைப் பணிப்பது ஒரு மரபணு. தோலைக் கறுக்கச் செய்வது வேறொன்று. மத்தியப் பிரதேசத்துக் கடக்நாத், ஜாவாவின் செமானி ஆகியவற்றின் கருஞ்சதைக்கும் அதே மாறுதல்தான் காரணம். ஆதலால் இறகு மட்டும் கறுத்த கோழியைக் கருஞ்சதைக் கோழி என்று எவரேனும் விலை உயர்த்தி விற்றால், இறகை விலக்கித் தோலைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

கோழி வளர்க்கும் அன்பர்கள் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் எந்தச் சேவல், எந்தப் பெட்டை, என்னென்ன நிறக் குஞ்சுகள் என்று குறித்து வருவார்களாக. பிள்ளைகளை எழுதச் சொன்னால் இன்னும் சிறப்பு. மேற்சொன்ன இரு வீட்டாருக்கும் நான் பன்னிரண்டு புளியங்கொட்டைகளை வைத்துத்தான் இக்கணக்கை விளக்கினேன். அடுத்த வீட்டம்மாள் சிறிது நேரம் மௌனமாயிருந்துவிட்டு, “அப்படியானால் என் கோழிக்குள் என்ன நிறம் ஒளிந்திருக்கிறது, சார்?” என்று கேட்டார். சண்டை அத்துடன் முடிந்தது.