வேதாளம் நல்லதா, கெட்டதா?

சென்ற திங்கள் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், கணக்கு வாசிப்பும் நன்றி நவிலலும் முடிந்த பின்னர், சிறுவர் சிறுமியர்க்கென ஒரு விவாத அரங்கு நடைபெற்றது. எடுத்துக்கொண்ட பொருள், விக்கிரமாதித்தன் தோளில் ஏறிய வேதாளம் நல்லதா, கெட்டதா என்பது. சிறுவர்க்கென்று ஏற்பட்ட அரங்கில் பெரியவர்கள் புகுந்து குரலை உயர்த்தினர். மண்டபக் காவற்காரர் சாவிக்கொத்தைக் குலுக்கிக் காட்டும் வரையில் வாதம் நீண்டது. நாமும் 'நல்லது' என்னும் கட்சிக்குத் துணையாக நாலு வார்த்தை பேசினோம். பேசியது முற்றும் சரிதானா என்னும் ஐயம் வீடு திரும்பும் வழியிலேயே எழுந்துவிட்டமையால், ஆற அமர எழுதிப் பார்க்கத் துணிந்தோம்.

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். அன்று மண்டபத்தில் இரண்டு வேதாளங்கள் இருந்தன. பெரியவர்கள் அறிந்தது அம்புலிமாமா வேதாளம். 1947-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அந்தப் பத்திரிகையில், 2020-இல் மறைந்த ஓவியர் சங்கர் தீட்டிய படம் யாருக்குத்தான் மறக்கும்? உருவிய வாளும் தோளிலே பிணமுமாக அரசன் நடக்க, சுற்றிலும் மயானம் கிடக்கும். பிள்ளைகள் அறிந்ததோ, 1985-இல் ராமானந்த சாகர் தூர்தர்ஷனுக்காக எடுத்த இந்தித் தொடரின் 'பேத்தாள்'. அக்கம்பக்கத்து வடநாட்டுக் குடும்பங்களிலிருந்து அவர்களுக்கு வந்து சேர்ந்தது அது. நம் வேதாளம் முருங்கை மரம் ஏறும், அவர்களுடையது ஏறுவதில்லை. முருங்கைக் கிளை ஒரு காக்கையின் பாரத்துக்கே ஒடியுமே, பிணத்தைத் தாங்குமா என்று ஒரு மாமி கேட்டது நியாயமான கேள்வியே. பதினோராம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் வடமொழியில் இயற்றிய கதாசரித்சாகரத்தில் அது சிம்சபா மரம். இங்கே சாலையோரமெங்கும் நாம் காணும் சீசம் மரமே அது என்று பலர் கொள்வர். நல்ல உறுதியான மரம். பிணத்தையும் தாங்கும், வேதாளத்தையும் தாங்கும்.

இதனினும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. அம்புலிமாமாவில் பழைய கதைகளுக்கு அப்பால் புதிது புதிதாகக் கதைகள் கட்டப்பட்டுப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து வந்தன. மாதந்தோறும் அரசன் விடை சொல்லுவான்; வேதாளம் பறந்து போய் மரத்தில் தொங்கும். முடிவே வராது. ஆகவே நம்மில் பலர் கதையின் முடிவை அறியாமலே வளர்ந்து, வேதாளம் என்றால் ஓயாத தொல்லை என்று எண்ணிக்கொண்டுவிட்டோம். 'கெட்டது' என்று கை தூக்கிய பெரியவர்களில் பாதிப் பேருக்கு முடிவு தெரியாது என்பது விசாரித்ததில் வெளிப்பட்டது.

சோமதேவர் சொல்லும் கதை இது. கோதாவரிக் கரையில் உள்ள பிரதிஷ்டானம், அதாவது இன்றைய மராட்டியத்துப் பைத்தான், திரிவிக்கிரமசேனன் என்னும் அரசனின் தலைநகர். க்ஷாந்திசீலன் என்னும் பிட்சு ஒருவன் நாள்தோறும் சபைக்கு வந்து ஒரு பழம் கொடுத்துவிட்டு ஒன்றும் கேளாமல் போவான். பத்து ஆண்டுகள் இப்படிச் சென்றன. ஒருநாள் ஒரு பழம் குரங்கின் கையில் அகப்பட்டு உடையவே, உள்ளிருந்து விலைமதிப்பற்ற இரத்தினம் ஒன்று உருண்டது. பொக்கிஷத்தில் எறியப்பட்டிருந்த பழைய பழங்களிலும் அவ்வாறே இரத்தினங்கள் கிடந்தன. என்ன வேண்டும் என்று அரசன் கேட்க, தேய்பிறைச் சதுர்த்தசி இரவில் மயானத்துக்கு வந்து ஒரு மந்திர சாதனைக்குத் துணை செய்ய வேண்டும் என்றான் பிட்சு. அரசன் வாக்களித்தான், போனான். மரத்தில் தொங்கும் பிணத்தைக் கொண்டுவா என்பது கட்டளை. பிணத்துள் வேதாளம் குடியிருந்தது. வழி நடைக்குப் பொழுதுபோக்காக அது கதை சொல்லும்; கதையின் முடிவில் ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். வாய் திறந்து சொன்னாலோ வேதாளம் மரத்துக்கே திரும்பிவிடும். 23 கதைகளுக்கு அரசன் விடை சொன்னான். 23 முறையும் திரும்பிப் போய்ச் சுமந்து வந்தான். தந்தையும் மகனும் முறையே ஒரு மகளையும் அவள் தாயையும் மணந்துகொண்டால் இரு வழியிலும் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று கேட்ட 24-ஆவது கதைக்கு விடை தெரியாமல் மௌனமாக நடந்தான். அப்போதுதான் வேதாளம் உண்மையைச் சொன்னது. அந்தப் பிட்சு உன்னையே பலி கொடுக்கப் போகிறான். சாஷ்டாங்கமாக விழுந்து வணங்கு என்பான். எப்படி என்று நீயே காட்டு என்று சொல், அவன் விழும்போது தலையை வெட்டிவிடு என்றது. அப்படியே நடந்தது.

இனி விவாதத்துக்கு வருவோம். 'கெட்டது' கட்சியில் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தெளிவாகப் பேசினாள். உண்மை தெரிந்த ஒருவர், அதை முதல் நடையிலேயே சொல்லாமல், தலை வெடிக்கும் என்று பயமுறுத்தி, 24 கதை சொல்லி ஒரு மனிதனை இரவெல்லாம் மயானத்தில் அலைக்கழிப்பது எந்த ஊர் நன்மை என்றாள். அரசனுக்கு முதற் கதைக்கே விடை தெரியாமல் போயிருந்தால் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்குமா, அப்படியானால் அறிவுள்ளவனுக்குத் தண்டனை, அறிவில்லாதவனுக்குப் பரிசா என்றும் ஒரு போடு போட்டாள். 'நல்லது' கட்சிச் சிறுவர்கள் சிறிது நேரம் மலைத்து உட்கார்ந்துவிட்டனர்.

அந்த இடத்தில்தான் நாம் எழுந்தோம். வேதாளம் மரத்துக்குப் பறந்த ஒவ்வொரு முறையும் அரசனின் கழுத்து பிட்சுவின் வாளுக்கு ஒரு நடை தூரமாயிற்றே, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா என்று கேட்டோம். மேலும், பத்து ஆண்டுகளாகப் பழமும் பணிவுமாக வந்து நின்ற ஒரு துறவியை, தோளிலே தொங்கும் பிணம் ஒன்று கொலைகாரன் என்று முதல் நடையில் சொல்லியிருந்தால் அரசன் நம்பியிருப்பானா? பேயின் பிதற்றல் என்று தள்ளியிருப்பான். வேதாளம் தேர்ந்தெடுத்த கதைகளைப் பாருங்கள். அவற்றில் கள்வன் பெருந்தன்மை உடையவனாகிறான். கண்ணுக்குத் தோன்றும் உறவு வேறு, உண்மை உறவு வேறாகிறது. ஒருத்தியை மூவர் விரும்பினர். அவள் இறந்தபின் ஒருவன் அவளது சாம்பலிலே படுத்துக் கிடந்தான், ஒருவன் எலும்பைக் கங்கைக்குச் சுமந்தான், ஒருவன் மந்திரம் கற்று வந்து அவளை எழுப்பினான். யார் கணவன்? எழுப்பினவன் தந்தையாவான், எலும்பு சுமந்தவன் மகனாவான், சாம்பலில் கிடந்தவனே கணவன் என்பது அரசன் தீர்ப்பு. உயிர் கொடுத்தவனே உரியவன் என்று மேலெழுந்தவாரியாக நினைப்பவனுக்கு இது எட்டாது. தோற்றத்தைக் கண்டு மயங்காமல் உள்ளே புகுந்து பார்க்கும் பழக்கத்தை இரவு முழுவதும் ஊட்டிய பிறகே பிட்சுவைப் பற்றிய உண்மையை வேதாளம் வெளியிட்டது என்பது நம் வாதம். கைதட்டல் கிடைத்தது என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறோம்.

(அரசன் தீர்ப்புகள் எல்லாம் நமக்கு உடன்பாடு என்று எண்ணிவிட வேண்டா. வீரவரன் கதையில், எசமானனாகிய மன்னனின் ஆயுளுக்காக ஒரு சேவகன் தன் மகனையே பலி கொடுக்கிறான், குடும்பமே மடிகிறது, பிறகு மன்னனும் உயிர்விடத் துணிகிறான். இவர்களுள் மேலானவர் மன்னனே, சேவகன் எசமானுக்காக இறப்பது வழக்கந்தானே என்கிறான் நம் அரசன். இரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் நம்மைக் கேட்டால் வேறு தீர்ப்புச் சொல்லுவோம்.)

ஆனால் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியராகிய அவைத் தலைவர் நம்மை எளிதில் விடவில்லை. வேதாளத்தை அரசனின் தராசிலேயே நிறுத்துப் பாருங்கள் என்றார். மதனசேனை என்பவள், மணமானதும் ஒருமுறை வருவதாகப் பழைய அன்பன் ஒருவனுக்குக் கொடுத்திருந்த வாக்கைக் காக்கக் கணவனிடம் விடைபெற்று இரவில் போகிறாள். வழியில் மறித்த கள்வன், திரும்பி வருகிறேன் என்ற அவள் சொல்லை நம்பி விடுகிறான். அன்பனும் அவளைத் தீண்டாமல் அனுப்பிவிடுகிறான். சொன்னபடி திரும்பி வந்தவளை, ஒரு நகையைக் கூடத் தொடாமல் கள்வன் போகவிடுகிறான். மூவரில் பெருந்தன்மையுடையவன் யார்? கள்வனே என்றான் அரசன். கணவன், பிறன்மேல் மனம் வைத்தவள் நமக்கெதற்கு என்று விட்டான். அன்பன், அரச தண்டனைக்கு அஞ்சி விட்டான். கள்வன் ஒருவனே தனக்கு ஒரு காரணமும் இல்லாமல் விட்டான். அப்படியானால் வேதாளத்துக்குக் காரணம் இருந்ததா, இல்லையா என்று கேட்டார் தலைவர்.

இதற்கு விடை, எந்தக் கதையைக் கையில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தமிழில் வழங்கும் வடிவத்தில், சிவபெருமான் தேவிக்குச் சொன்ன கதைகளை ஒட்டுக்கேட்டு மனைவியிடம் உளறிய அந்தணன் ஒருவனே சாபத்தால் வேதாளமானான். கதைகளுக்கு விடை சொல்ல வல்லவன் வந்தால்தான் அவனுக்கு விமோசனம். அந்த வேதாளம் தன் விடுதலைக்காகவே உழைத்தது; அரசன் பிழைத்தது அதனோடு வந்த இலாபம். சோமதேவரிடத்திலோ சாபம் இல்லை. அரசனின் துணிவையும் தளராமையையும் கண்டு மகிழ்ந்து உண்மையைச் சொல்கிறது, அவ்வளவே. வடமொழி வேதாளம் அரசன் தராசில் நல்லது. தமிழ் வேதாளத்தின் தட்டு சற்றுத் தாழ்கிறது. தாய்மொழிப் பற்று மிகுந்த ஓர் அன்பருக்கு இது பிடிக்கவில்லை. என் செய்வது!

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நம் மனம் வேறொன்றில் போய் நின்றது. சில ஆண்டுகளுக்கு முன் நம் குடியிருப்பில் ஒருவர் வெள்ளிதோறும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோயிற் பிரசாதம் கொண்டுவந்து கொடுப்பார். முகமும் மொழியும் சந்தனம். ஊரை விட்டு வந்து தனித்துக் கிடக்கும் நமக்கு வாரம் ஒருமுறை ஒரு திருநீற்றுப் பொட்டலமும் ஊர்ப் பேச்சும் எவ்வளவு பெரிது என்பதை நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் ஒரு சீட்டு நடத்தினார். ஒருநாள் இரவு சீட்டுப் பணத்தோடு மறைந்தார். நம் மூன்றாண்டுச் சேமிப்பும் அதில் போயிற்று. அடுத்த வரிசை வீட்டில் கடுநாக்குக் கார்டு ஒருவர் இருந்தார். குழந்தைகள் அவரைக் கண்டால் ஓடும். அவர் நம்மைக் காணும்போதெல்லாம் புதிர் போடுவார். "இத்தனை பேர் பணத்தையும் ஒரே கை பிடித்திருக்கிறதே, கை களைத்தால் யார் பிடிப்பது, சொல்லும் பார்க்கலாம்?" என்பார். வயிற்றெரிச்சல் என்று நாம் ஒதுங்கிப் போனோம். பிற்பாடு தெரிந்தது, முன்பு வேறோர் ஊரில் அந்தச் சந்தன முகத்தாரின் கைவரிசையை அவர் கண்டவர் என்பது. ஒரே ஒரு வீட்டாரிடம் மட்டும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அவர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு பிழைத்தார்கள். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "சொல்லியிருந்தால் நம்பியிருப்பீரோ?" என்று திருப்பிக் கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை, மௌனமாக நின்றோம். உள்ளிருந்து நம் இல்லாள் சொன்னாள்: "நம்பியிருக்க மாட்டோம் அண்ணா. ஆனாலும் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்."

அன்று மண்டபத்தில் அந்தச் சிறுமி பேசிய பேச்சு அதே பேச்சுத்தான் என்பது நாம் கைதட்டலை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்த பின்னரே உறைத்தது. பிட்சு வாயைத் திறந்து சாஷ்டாங்கம் என்ற சொல்லைச் சொன்ன கணத்தில் அரசனுக்கு வேதாளத்தின் சொல் மெய்யென்று விளங்கிற்று. அந்த ஒரு கணத்துக்காக 24 கதைகள் தேவைப்பட்டனவா, ஒரு வாக்கியம் போதுமாயிருந்ததா? அடுத்த கூட்டத்தில் நாம் அந்தச் சிறுமியின் பக்கத்தில் உட்காரக் கூடும். கார்டு ஐயா இப்போதும் நம்மைக் கண்டால் புதிர் போடுகிறார். இப்போது நாம் நின்று விடை சொல்லிவிட்டுத்தான் போகிறோம்.

கைகளை எண்ணியபோது 'நல்லது' கட்சிக்கு இரண்டு கைகள் கூடுதலாக இருந்தன. சிலர் இரண்டு பக்கமும் தூக்கியிருப்பதாகக் கூறித் தலைவர் முடிவை அறிவிக்க மறுத்துவிட்டார். காவற்காரர் விளக்குகளை அணைக்கத் தொடங்கிய வேளையில், ஏழு வயதுப் பையன் ஒருவன் தலைவரின் வேட்டியைப் பிடித்து இழுத்து, "தாத்தா, கடைசியில் வேதாளம் எங்கே போயிற்று?" என்று கேட்டான். அரசன் கேட்ட வரம், இந்தக் கதைகள் உலகமெங்கும் பரவ வேண்டும் என்பதே. அதைத் தந்துவிட்டுப் பிணத்தை விட்டு நீங்கித் தான் விரும்பிய இடத்துக்குப் போயிற்று என்றார் தலைவர். "அது எந்த இடம்?" என்றான் பையன். அதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. வெளியே பேருந்து நிறுத்தம் வரையில் சீசம் மரங்கள் வரிசையாக நின்றன. பையன் தாத்தாவின் கையை விடாமல் ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தான்.