நோயோடு வாழ்தல் – 9: ஆடி மாதத்துக் கல்யாணம்

ஆடி மாதம், புதன்கிழமை, காலை ஆறரை மணி. ஓசூர் பேருந்து நிலையத்தில் அப்பா, அம்மா, இருபத்துநான்கு வயது மகன் மூவரும் பெங்களூரு வண்டிக்காக நிற்கிறார்கள். அம்மாவின் கட்டைப்பையில் தயிர்சாத டப்பா. அதற்கு அடியில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஃபைல். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய தெருக்காரர் ஒருவர் அவர்களைப் பார்த்துவிட்டார்.

“என்னண்ணா, குடும்பத்தோட கிளம்பிட்டீங்க?”

“பெங்களூர்ல சொந்தத்துல ஒரு கல்யாணம்பா.”

ஆடியில் ஏது கல்யாணம் என்று அவர் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தார். அன்று அவர்களோடு நானும் போனேன்.

ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, அதற்கப்புறம் கர்நாடகம். சுமார் 40 கிலோமீட்டர் போனால் நிம்ஹான்ஸ். அந்த மனநல மருத்துவமனை இருக்கும் சாலைக்கு பெங்களூருக்காரர்கள் வைத்திருக்கும் பெயரே ஓசூர் ரோடுதான். ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஜனங்களுக்கு அது பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி மாதிரி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுகிற மண் என்பதால் அங்கே பேச்சுக்கும் தடையில்லை.

ஆனால் எல்லோரும் நல்ல வைத்தியத்துக்காக மட்டுமே எல்லை தாண்டுவதில்லை. சொந்த மாவட்டத்து அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கும் வரிசையில் நின்றால், பின்னால் நிற்பவர் சித்தப்பாவின் சம்பந்தியாக இருக்கக்கூடும். அந்த 40 கிலோமீட்டர் ஒரு திரை. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-இல் களங்கம் பற்றி எழுதிய புத்தகத்தில் இரண்டு வகை மனிதர்களைப் பிரித்துக் காட்டினார். குறை வெளியே தெரிந்துவிட்டவர்கள் ஒரு வகை. இன்னும் தெரியாதவர்கள் மற்றொரு வகை. இரண்டாவது வகையினருக்கு ஓயாத வேலை ஒன்று உண்டு: யாரிடம் சொல்வது, யாரிடம் மறைப்பது, எந்தப் பொய்யை யாரிடம் சொன்னோம் என்று கணக்கு வைப்பது. நோய் மகனுக்கு. அந்தக் கணக்கைச் சுமப்பவர் அப்பா.

இந்தத் தொடரின் சென்ற பகுதியில் சமூகவியலாளர் மைக்கேல் பரியைப் பார்த்தோம். நீண்ட நாள் நோய் ஒருவரின் வாழ்க்கைக் கதையையே நடுவில் முறித்துப்போடுகிறது என்று 1982-இல் சொன்னவர். இந்தப் பையனின் கதை முறிந்த இடத்தைத் தேடினால், அது சி ஷிப்டில், அதாவது இரவு ஷிப்டில் போய் நிற்கிறது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு சிப்காட் தொழிற்பேட்டையில் காண்ட்ராக்ட் வேலை. ஒரு வாரம் ஏ, ஒரு வாரம் பி, ஒரு வாரம் சி. அவனுக்கு இருப்பது மனஎழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறு. இந்த நோய் உள்ளவருக்குத் தூக்கம் கெட்டால் அதுவே எழுச்சியைக் கிளப்பிவிடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை தூக்கத்தைப் புரட்டிப்போடுகிற வேலையில் அவன் இருந்தான்.

மாத்திரையின் கதை இன்னும் சிக்கல். இரவில் போடச் சொன்ன மாத்திரை தூக்கம் தரும். இரவில்தான் அவன் பிரஸ் மெஷின் முன்னால் நிற்கிறான். கை நசுங்குமோ என்ற பயத்தில் சி ஷிப்ட் வாரங்களில் மாத்திரையை விட்டான். மருத்துவமனையின் பேச்சில் இதற்கு ‘மருந்தை ஒழுங்காக எடுக்காதவர்’ என்று பெயர். இதே நோய்க்கு லித்தியம் எடுப்பவர்களுக்கு வேறொரு ஆபத்து. உலைப்பக்கம் வேலை செய்து வியர்த்து உடம்பில் நீர் வற்றினால், ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறி நஞ்சாகிவிடலாம். வேலை எங்கே, ஷிப்ட் என்ன என்று கேட்டுவிட்டு மருந்து எழுதுகிற மருத்துவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

சுகர்காரர்களுக்கும் இதே கதைதான். கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டு, லைன் நிற்கக்கூடாது என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, நாக்கு குழறும். பார்க்கிறவர் கண்ணுக்குக் குடித்தவன் போலிருக்கும். அப்படிக் கம்பெனி கேட்டுக்கு வெளியே அனுப்பப்பட்ட ஒருவர் என்னிடம் பேசினார். ஆயுளில் சாராயம் தொட்டதில்லை என்று சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது.

சட்டம் இவர்களை அடியோடு மறந்துவிடவில்லை. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் ஈ.எஸ்.ஐ. காப்பீட்டுக்குள் வருகிறார்கள். நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. நீண்ட நாள் நோய்கள் 34-க்கு 80 சதவீதம் நீட்டித்துத் தருகிறார்கள். கடும் மனநோய்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டு தொடர்ந்த வேலை வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு காண்ட்ராக்டர் மாறி, நடுவில் இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அந்த ‘தொடர்ந்து’ என்ற சொல்லே கதவடைப்பு. அப்படியே தகுதி இருந்தாலும், சான்றிதழில் நோயின் பெயர் வந்து நிற்கும். அந்தத் தாளை யார் மேசையில் கொண்டுபோய் வைப்பான்?

2021 ஆகஸ்ட் 5 அன்று ஓசூர் இருக்கும் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது பெற்ற திட்டம். சுய உதவிக் குழுப் பெண்கள் பி.பி., சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் உண்டு. தொடங்கியபோது அவர்கள் கொண்டுவரும் பையில் மனநோய்க்கு இடமில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம். ஏனென்றால் திட்டத்தின் பெரிய பலம் மாத்திரை அல்ல, அதைக் கொண்டுவருகிற பெண். நீண்ட நாள் நோய் என்பதே வீட்டில் நடக்கும் ஓயாத வேலை என்று 1988-இல் ஆய்வாளர்கள் ஜூலியட் கார்பினும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் எழுதினார்கள். அந்த வேலையைச் செய்கிற வீட்டுப் பெண்ணோடு திண்ணையில் உட்கார்ந்து பேச, அரசின் சார்பில் ஒருத்தி வருகிறாள்.

அப்படி ஒரு பெண் இந்தப் பையனின் வீட்டுக்கும் வருகிறார். அம்மாவுக்குச் சுகர். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே, “என்னக்கா, தூக்கமே இல்லையா? நூற்றி அறுபது காட்டுது” என்று கேட்டிருக்கிறார். இரண்டு வருடமாகக் கூடப்பிறந்த தங்கையிடம்கூடச் சொல்லாததை அம்மா அன்று அவரிடம் சொல்லி அழுதிருக்கிறார். அதற்குப் பிறகு மாதாமாதம் அந்தப் பெண் அம்மாவின் மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “தம்பி மாத்திரை போடுறானா?” என்று கேட்கிறார். அவர் பதிவேட்டில் அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை. கட்டம் போட்டு, பயிற்சியும் அதற்கான ஊதியமும் தந்தால், ஆடி மாதத்தில் கல்யாணத்துக்குப் போகிற குடும்பங்கள் குறையும் என்று நம்புகிறேன்.

அன்று நிம்ஹான்ஸில் மருத்துவரைப் பார்த்து முடிக்க மதியம் இரண்டாகிவிட்டது. மரத்தடியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். அப்பா ஃபைலைத் திறந்து அடுத்த தேதியைப் பார்த்தார். மகன் விரல்விட்டு வாரங்களை எண்ணினான்.

“அது சி ஷிப்ட் வாரம்பா.”