உஷார்! ஏர் ஸ்பிரிங் போட்டால் கார் நிமிரும், பாரம் குறையாது!

காரின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது என்று ஏர் ஸ்பிரிங் போடக் கிளம்பிவிட்டீர்களா? பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஏர் ஸ்பிரிங் காரை நிமிர்த்தும், சந்தேகமில்லை. ஆனால் உங்கள் கார் தாங்கக்கூடிய எடையை அது ஒரு கிலோகூடக் கூட்டாது. இது தெரியாமல் மாட்டிக்கொண்டு, தெம்பாக இன்னும் நாலு மூட்டையை ஏற்றி, குழந்தைகளையும் பெரியவர்களையும் உட்காரவைத்து மலைப்பாதையில் இறங்குகிறார்கள். அதை நினைத்தால்தான் பதறுகிறது.

சபரிமலை சீசன், கோடை விடுமுறை, குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு பயணம் என்று வரும்போது ஏழு சீட்டர் கார்கள் நிரம்பி வழியும். ஆட்கள், பெட்டிகள், அரிசிச் சிப்பம், மேலே கேரியர், சில கார்களில் டிக்கிக்குள் சிஎன்ஜி சிலிண்டர் வேறு. ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டும். அடுத்த நாள் ஒர்க்‌ஷாப்பில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

“பின்னாடி படுத்துடுச்சு சார். ஸ்பிரிங்குக்குள்ள ரெண்டு ஏர்பேக் போட்டுட்டா நிமிர்ந்துடும்.”

“எவ்ளோ லோடு தாங்கும்ணே?”

“அப்புறம் என்ன சார், எவ்ளோ வேணா ஏத்திக்கங்க!”

அந்தக் கடைசி பதிலை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

ஏர் ஸ்பிரிங் என்ன செய்கிறது?

ஒர்க்‌ஷாப்பில் ஏர்பேக் என்று சொல்வது, விபத்தில் விரியும் பாதுகாப்புப் பை அல்ல. ஏர் ஸ்பிரிங்கைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அது தடித்த ரப்பர் அல்லது பாலியூரிதேனால் செய்த உருளை. பின்சக்கரத்துக் காயில் ஸ்பிரிங்கின் நடுவில் இருக்கும் காலி இடத்தில் அதைச் செருகி, ஒரு மெல்லிய குழாய் வழியாகக் காற்றடிப்பார்கள். காற்று ஏற ஏற அது விறைத்து, ஸ்பிரிங்கோடு சேர்ந்து பாடியைத் தூக்கிப் பிடிக்கும். பிக்கப் வண்டிகளுக்கு வருவது வேறு வகை. அதைப் பட்டை ஸ்பிரிங்குக்கும் சேஸிஸுக்கும் இடையில் பொருத்துவார்கள்.

அனுமதித்த எடைக்குள் பாரம் ஏற்றி, பின்பக்கம் கொஞ்சம் தாழ்வதைச் சரிசெய்ய இது உதவும். தரமான கிட்டோடு வரும் தாளிலேயே, வாகனத்தின் மொத்த எடை வரம்பை மீறக் கூடாது என்று எச்சரித்திருப்பார்கள். அந்தத் தாளைப் பிரித்துப் படிப்பவர் அபூர்வம்.

எடையைத் தாங்குவது ஸ்பிரிங் மட்டும் இல்லை

தயாரிப்பாளர் மொத்த எடை வரம்பை நிர்ணயிக்கும்போது பிரேக், டயர், ரிம், அச்சு, வீல் பேரிங், பாடி என எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கிறார். நீங்கள் மாற்றியது ஸ்பிரிங்கின் பலத்தை மட்டும். மற்றவை கம்பெனியிலிருந்து வந்தபடியேதான் இருக்கின்றன.

டயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் 185/65 ஆர்15 88 என்பது போல எழுதியிருக்கும். கடைசியில் வரும் அந்த 88 பாரக் குறியீடு. சரியான காற்றழுத்தத்தில் ஒரு டயர் அதிகபட்சம் 560 கிலோ தாங்கும் என்று அர்த்தம். காற்று குறைந்தால் தாங்கும் அளவும் குறையும். சித்திரை வெயிலில், நாற்கரச் சாலையில், நூறு கிலோமீட்டர் வேகத்தில், பாரம் மீறிய டயர் சூடேறி வெடித்தால் மேலே இருக்கும் ஏர் ஸ்பிரிங் என்ன செய்ய முடியும்?

கணக்கையும் போட்டுப் பாருங்கள். உங்கள் காரின் காலி எடைக்கும் மொத்த எடை வரம்புக்கும் வித்தியாசம் 550 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 65 கிலோ என்றால் ஏழு பெரியவர்களுக்கே 455 கிலோ போய்விடும். பெட்டி, கேரியர், தண்ணீர் கேன் எல்லாவற்றுக்கும் சேர்த்து மிச்சம் 95 கிலோ. பின்னால் கேஸ் கிட் பொருத்திய காராக இருந்தால் அதிலும் பெரும்பகுதி சிலிண்டருக்கே சரியாகிவிடும்.

முன்சக்கரம் லேசாகிவிடும்

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்குப் பின்பாரம் என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. பாரம் பின்னால் தள்ளிப்போனால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்தை நெரிக்கும். காரிலும் அதே கதைதான்.

உதாரணமாக, ஏழு சீட்டர் எர்டிகா காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,740 மில்லிமீட்டர். பின் அச்சுக்கு 685 மில்லிமீட்டர் பின்னால், டிக்கியில் 120 கிலோ வைக்கிறீர்கள். அது நெம்புகோலாக வேலைசெய்து முன் அச்சிலிருந்து 30 கிலோவைத் தூக்கிவிடும். பின் அச்சில் ஏறுவது 120 அல்ல, 150 கிலோ. ஸ்டீயரிங் திருப்புவதும், பிரேக்கின் பெரும்பகுதி வேலையைச் செய்வதும் முன்சக்கரங்கள். மழையில் நனைந்த சாலையில் அவற்றின் பிடிதான் உயிரைக் காப்பாற்றுவது.

இப்போது ஏர் ஸ்பிரிங்கில் காற்றடித்தால் பின்பக்கம் நிமிரும். பார்ப்பதற்குக் கார் மட்டமாக நிற்கும். ஆனால் முன்னால் குறைந்த அந்த 30 கிலோ திரும்பி வராது. முன்பு பின்பக்கம் தாழ்ந்திருந்ததைப் பார்த்துப் பயந்து மெதுவாக ஓட்டியிருப்பீர்கள். இப்போது அந்த எச்சரிக்கையும் போய்விட்டது.

பிரேக்கையும் ஏமாற்றும்

பல பிக்கப்களிலும் வேன்களிலும் எம்பிவி எனப்படும் பழைய குடும்பக் கார்களிலும் பின் அச்சுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு சிறு கம்பியோடு இணைந்த வால்வு இருக்கும். பாரம் ஏறிப் பாடி தாழ்ந்தால், கம்பி அசைந்து பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தத்தை அனுப்பும். ஏர் ஸ்பிரிங் பாடியைத் தூக்கிப் பிடித்தால் வண்டி காலியாக இருப்பதாக அந்த வால்வு எடுத்துக்கொள்ளும். முழு லோடு ஏற்றிய வண்டியில் பின் பிரேக் தன் முழு வேலையைச் செய்யாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது கூடுதல் சுமை முன் பிரேக்கில் விழுந்து, அது சூடேறிப் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். உங்கள் வண்டியில் இந்த வால்வு இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் அடியில் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பிக்கப் வைத்திருப்பவர்களே, சேஸிஸ் வளையும்!

பட்டை ஸ்பிரிங் தன் பாரத்தை முன்முனை, பின்முனை என இரண்டு இடங்களில் சேஸிஸுக்குப் பிரித்துக் கொடுக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஏர் ஸ்பிரிங் வைத்தால், அச்சுக்கு நேர் மேலே ஒரே புள்ளியில் முட்டுக்கொடுத்தது போலாகும். பின்னால் பாரம் கீழே அழுத்த, நடுவில் ஏர் ஸ்பிரிங் மேலே தள்ள, பள்ளத்தில் ஒரு குதி குதித்தால் சேஸிஸ் அந்த இடத்தில் மடங்கும். ஆஸ்திரேலியாவில் கேரவன் இழுத்துப் போகும் இரட்டை கேபின் பிக்கப்கள் இப்படி வளைந்து நின்ற சம்பவங்கள் ஊரறிந்தவை. சேஸிஸ் வளைந்த வண்டியை நிமிர்த்தி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பொருத்துவதில் நடக்கும் கோளாறுகள்

பம்ப் ஸ்டாப் ரப்பரை வெட்டுவது: சில கார்களில் ஏர் ஸ்பிரிங்குக்கு இடம் பண்ண, ஸ்பிரிங்குக்குள் இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரை வெட்டிவிடுவார்கள். பிறகு பையில் காற்று இறங்கினால் கடைசித் தடுப்பும் இல்லை. இரும்போடு இரும்பு மோதும்.

இரண்டு பைக்கும் ஒரே குழாய்: காற்றடிக்கச் சுலபம் என்று ‘டி’ இணைப்புக் கொடுத்துவிடுவார்கள். வளைவில் திரும்பும்போது பாரம் விழும் பக்கத்துப் பையிலிருந்து காற்று மறுபக்கப் பைக்கு ஓடும். கார் இன்னும் அதிகமாகச் சாயும். இரண்டு பைக்கும் தனித்தனிக் குழாய் கேளுங்கள்.

சைலன்சர் பைப்புக்குப் பக்கத்தில்: சூட்டில் பை இளகி ஓட்டை விழும். போதிய இடைவெளியோ வெப்பத் தடுப்புத் தகடோ கட்டாயம் வேண்டும்.

பெட்ரோல் பங்க் காற்று: ஸ்பிரிங்குக்குள் செருகும் வகைக்குப் பொதுவாக 5 முதல் 35 பிஎஸ்ஐதான். பைக்குள் இடம் மிகக் குறைவு. பங்க் குழாயை வைத்தால் கண்மூடித் திறப்பதற்குள் அளவைத் தாண்டிவிடும். கைப்பம்பில் அடியுங்கள். பாரம் இல்லாத நாளில் முழுவதும் காலியாகவும் விடாதீர்கள். தொளதொளத்த பையைக் காயில் சுற்றுகள் கடித்துக் கிழித்துவிடும்.

ஏர் ஸ்பிரிங் விலை அதிகம் என்று காயில் சுற்றுகளுக்கிடையே ரப்பர் பஃபரைத் திணிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். அதுவும் உயரத்தைத்தான் தரும், எடை வரம்பைக் கூட்டாது.

சட்டமும் இன்சூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் சேர்த்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க முடியும். எனவே கை வைப்பதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துப் பதில் வாங்கிவையுங்கள். விபத்துக்குப் பிறகு, சொல்லாமல் செய்த மாற்றம் என்று கிளெய்மைத் தள்ளுபடி செய்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இப்போதே என்ன செய்யலாம்?

முதலில், பாரமில்லாத காரே தாழ்ந்து நிற்கிறதா பாருங்கள். அப்படியானால் பழைய ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், ஒரு சுற்று உடைந்தும் இருக்கலாம். அதே மாடலுக்கான கம்பெனி ஸ்பிரிங்கை ஜோடியாக மாற்றினால் போதும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா என்றும் பாருங்கள். ஏர் ஸ்பிரிங் அதைச் சரிசெய்யாது.

அடுத்து, முழுக் குடும்பத்தையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு எடைமேடைக்குப் போங்கள். முழுக் காரை ஒரு தடவை, பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு தடவை எடை போடச் சொல்லுங்கள். கையேட்டில் உள்ள மொத்த எடையோடும் பின் அச்சு வரம்போடும் ஒப்பிட்டுப் பாருங்கள். வரம்புக்குள் இருந்து, பின்பக்கம் தாழ்வது மட்டும்தான் குறை என்றால், உங்கள் மாடலுக்கென்றே வரும் கிட்டை அனுபவமுள்ளவரிடம் போடுங்கள். வரம்பைத் தாண்டியிருந்தால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். சாமான்களைப் பார்சலில் அனுப்புங்கள், நாலு பேரை ரயிலில் ஏற்றுங்கள், இல்லையென்றால் இன்னொரு வண்டி பிடியுங்கள். அதற்கு ஆகும் செலவு எதுவானாலும் தாங்கிக்கொள்ளலாம்.