வயசானா தலையில் ஏறாதா?



குழுக் கணக்கு எழுதும் பயிற்சிக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று பேச்சு வந்தால் நம் கூட்டங்களில் என்ன நடக்கிறது? ஐம்பது தாண்டிய அக்காமார்கள் சின்னப் பெண்களைக் கை காட்டிவிடுவார்கள். "எனக்கு வயசாயிடுச்சும்மா, இனிமே சொல்லிக் குடுத்தாலும் ஏறாது, மறந்து மறந்து போவுது" என்பார்கள். நாமும் சரி என்று விட்டுவிடுகிறோம். வாராவாரம் சேமிப்பைக் கட்டுவது அவர்கள், நோட்டைப் பார்ப்பது வேறொருவர் என்று ஆகிவிடுகிறது. தன் பணம் எவ்வளவு நிற்கிறது என்று அடுத்தவர் வாயைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலைமை.

வயசானால் ஏறாது என்பது நிஜந்தானா? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு அமெரிக்காவில் ஒரு மனோதத்துவ நிபுணர் ஐம்பது வருஷம் ஆராய்ச்சி செய்தார். அவர் பெயர் வார்னர் ஷாய்.

ஷாய் 1928-ல் ஸ்டெட்டின் என்ற ஊரில் பிறந்தார். அப்போது அது ஜெர்மனி, இப்போது போலந்து. யூதக் குடும்பம். ஹிட்லர் ஆட்சியிலிருந்து தப்பி 1939-ல் சீனாவின் ஷாங்காய் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அந்தப் பையன் அச்சு வேலை பழகினான். 1947-ல் அமெரிக்கா போன பிறகும் அந்தத் தொழில்தான் சோறு போட்டது. ராத்திரி அச்சகத்தில் வேலை, பகலில் கல்லூரி. படிக்கும்போதே முதியவர்களின் அறிவுத்திறனைப் பற்றி ஆர்வம் வந்துவிட்டது. அவருடைய குடும்ப டாக்டரிடம் நிறைய முதியவர்கள் வைத்தியத்துக்கு வருவார்கள். டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் அவர்களிடமே ஷாய் தன் முதல் பரிசோதனைகளைச் செய்தார்.

1956-ல் சியாட்டில் நகரத்தில் டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சி. எல்லா வயசிலும் ஆட்கள் வேண்டும். கல்லூரிக்குள் தேடினால் இளசுகள்தான் கிடைப்பார்கள். அந்த ஊரில் ஒரு மருத்துவக் கூட்டுறவுச் சங்கம் இருந்தது. உறுப்பினர்களே சேர்ந்து 1947-ல் தொடங்கி நடத்தி வந்த சங்கம். (கூட்டுறவு என்றதும் எங்களுக்கு ஒரு சந்தோஷம்!) அந்தச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலிருந்து 500 பேரை எடுத்தார். இருபது வயசிலிருந்து எழுபது வரை, ஐந்தைந்து வருஷத்துக்கு ஒரு பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் 25 ஆண், 25 பெண். வார்த்தைக்கு அர்த்தம் சொல்வது, வரிசையில் அடுத்து என்ன வரும் என்று யோசிப்பது, திருப்பி வைத்த படத்தை அடையாளம் காண்பது, வேகமாகக் கூட்டுவது, ஒரே எழுத்தில் தொடங்கும் வார்த்தைகளை எழுதுவது என்று ஐந்து விதமான சோதனை வைத்தார். நினைவுக்கான சோதனைகளைப் பிற்காலத்தில் சேர்த்தார்.

முதல் தடவை வந்த முடிவு எல்லாரும் நினைத்தபடிதான் இருந்தது. இளவயசுக்காரர்களுக்கு அதிக மதிப்பெண், வயசு ஏற ஏறக் குறைவு. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது. ஏழு வருஷம் கழித்து, 1963-ல், அவர் அதே ஆட்களைத் தேடிப் போனார். 300 பேருக்கு மேல் மறுபடி வந்தார்கள். இப்போது ஒவ்வொருவரின் மதிப்பெண்ணையும் அவரவருடைய பழைய மதிப்பெண்ணோடு வைத்துப் பார்த்தார். கதையே மாறிவிட்டது. பெரும்பாலான திறமைகள் அறுபது வயசு வரைக்கும் பெரிதாகக் குறையவில்லை. நடுவயசில் சிலது கூடியும் இருந்தது.

அப்படியானால் முதல் தடவை ஏன் அப்படி வந்தது? நம் வீட்டையே பார்ப்போம். அம்மா பாஸ்புக்கை எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். பத்தாவது படித்த மகள் படபடவென்று படித்துவிடுகிறாள். இதற்கு அம்மாவின் வயசா காரணம்? அம்மாவை யாரும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை, அவ்வளவுதான். சியாட்டிலிலும் இதேதான். 1956-ல் அறுபத்தைந்து வயசாக இருந்தவர்கள் 1891 வாக்கில் பிறந்தவர்கள். பலருக்குப் படிப்பு குறைவு, சின்ன வயசில் நல்ல வைத்தியமும் கிடையாது. இருபத்தைந்து வயசுக்காரரோடு அவரைப் பக்கத்தில் நிறுத்தினால் தெரிவது வயசின் வித்தியாசம் மட்டும் இல்லை, காலத்தின் வித்தியாசமும்தான். கணக்கில் மட்டும் இது தலைகீழ். 1920-களில் பிறந்தவர்கள் கூட்டல் கணக்கில் கெட்டிக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் பிறந்த தலைமுறைகள் அதில் கீழே போயின.

அதன் பிறகு ஏழு வருஷத்துக்கு ஒரு முறை என்று 2005 வரை சோதனை நடந்தது. புதிது புதிதாக ஆட்களையும் சேர்த்ததில் மொத்தம் சுமார் 6,000 பேர் ஆனார்கள்.

வயசானால் ஒன்றுமே குறையாது என்று ஷாய் சொல்லவில்லை, நாங்களும் சொல்ல மாட்டோம். முதலில் குறைவது வேகம். இளவயசிலிருந்தே அது மெள்ளக் குறையத் தொடங்கிவிடுகிறது. அறுபதுக்கு மேல் மற்றத் திறமைகளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். எண்பதை நெருங்கும்போது இறக்கம் நன்றாகவே தெரியும். ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. 81 வயசில்கூட, ஏதாவது ஒரு திறமையை எடுத்துக்கொண்டால், அதற்கு முந்தைய ஏழு வருஷத்தில் அது உறுதியாகக் குறைந்தவர்கள் பாதிப்பேருக்கும் குறைவுதான். இதயநோய் போன்ற நாள்பட்ட வியாதி இல்லாதவர்கள், ஏதாவது ஒரு காரியத்தில் தலையைப் போட்டுக்கொண்டே இருந்தவர்கள், புதுசு வந்தால் முகம் சுளிக்காதவர்கள் நன்றாக நின்றார்கள். கெட்டிக்காரத் துணையோடு வாழ்ந்தவர்களும் அப்படித்தான். இதை வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு!

எங்களுக்கு மிகவும் பிடித்தது இனி வருவதுதான். 1980-களில் ஷாயும் அவர் மனைவி ஷெர்ரி வில்லிசும் (அவரும் மனோதத்துவ நிபுணர்தான்) 64 வயசைத் தாண்டிய 229 பேரை அழைத்தார்கள். 14 வருஷத்துக்கு முந்தைய மதிப்பெண் கையில் இருந்ததால் யாருக்குத் திறமை குறைந்திருக்கிறது, யாருக்குக் குறையவில்லை என்று தெரியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஐந்து மணி நேரம்தான் பயிற்சி. வரிசையை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள், திரும்பத் திரும்ப வரும் எழுத்துக்குக் கீழே கோடு போடச் சொன்னார்கள். சுமார் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு முன்னேற்றம். திறமை குறைந்திருந்தவர்களில் நூற்றுக்கு 40 பேர் 14 வருஷத்துக்கு முன் இருந்த நிலைக்கே திரும்பி வந்துவிட்டார்கள்! ஏழு வருஷம் கழித்துப் பார்த்தபோதும், பயிற்சி பெறாதவர்களைவிட அவர்கள் மேலாக இருந்தார்கள்.

பிறகு வில்லிசும் பலரும் சேர்ந்து 65 வயசுக்கு மேற்பட்ட 2,832 பேரைச் சேர்த்து, அவர்களில் பெரும்பாலோருக்குப் பத்து வகுப்புகள் நடத்தினார்கள். அதில் நினைவுப் பயிற்சியின் பலன் பத்து வருஷத்துக்குள் மறைந்துவிட்டது. யோசிக்கும் பயிற்சியின் பலனும் வேகப் பயிற்சியின் பலனும் பத்து வருஷம் கழித்தும் தெரிந்தன. ஆகவே மனப்பாடம் செய்வதில் மல்லுக்கட்ட வேண்டாம், கணக்கு எப்படி வருகிறது என்று புரிந்துகொள்வதுதான் நிற்கும் என்பது எங்கள் எண்ணம்.

ஷாய் 2023-ல் காலமானார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அசட்டை வேண்டாம். சாவியை வைத்த இடம் மறப்பது சகஜம். ஆனால் தினம் போய் வரும் பாதை தெரியாமல் நிற்பது, சொன்னதையே அடிக்கடி சொல்வது, வழக்கமாகச் செய்யும் சமையல் வரிசையே குழம்புவது இதெல்லாம் வயசு என்று விடக்கூடாது. டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் இவற்றாலும் மறதி வரும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு.

அடுத்த கணக்குப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கும் மூத்த அக்காமார்கள் பயிற்சி கொடுக்க வருபவரிடம் தைரியமாகக் கேளுங்கள்: வேகமாகப் போகாதீங்க, ஒவ்வொரு பத்தியும் எதுக்குன்னு காரணம் சொல்லுங்க, எங்க கையாலயே எழுத விடுங்க.