நினைவிழந்தவருக்கும் இரகசியம் உண்டு

இப்படியொரு காட்சியை நினைத்துப் பாருங்கள். விபத்தில் அடிபட்ட ஒருவர் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவின்றிக் கிடக்கிறார். "இவரின்ர உடம்பில உலோகத் துண்டு ஏதும் இருக்கா?" என்று வைத்தியர் மனைவியிடம் கேட்கிறார். பதில் அவருக்குத் தெரியும். 2009இல் பட்ட எறிகணைச் சிதறல் கணவரின் கழுத்துக்குள் இன்னும் இருக்கிறது. ஆனால், பக்கத்தில் வேறு நோயாளர்களின் உறவினர்கள்; முன்பின் தெரியாத இருவரும் நிற்கிறார்கள். "தெரியாது டொக்டர்" என்கிறார்.

எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் சில வகை உலோகத் துண்டுகளை அசைக்கும், சூடாக்கும். துண்டு கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ பெரிய இரத்தக்குழாய்க்கோ அருகில் இருந்தால் ஆபத்து அதிகம். எக்ஸ்ரேயில் அதனைக் கண்டுபிடிக்கலாம். ஆனால், எங்கே தேட வேண்டும் என்பதை யாராவது சொல்லவேண்டும்.

மனைவி பொய் சொன்னது அறியாமையால் அல்ல. 'இந்தக் காயம் எப்படி வந்தது?' என்பது எங்கள் பிரதேசங்களில் வெறும் மருத்துவக் கேள்வியாக ஒருபோதும் இருந்ததில்லை. அதனால்தான் இரகசியம் பேணுதல் இங்கே சிகிச்சையின் ஒரு பகுதியாகிறது.

இது சலுகையுமல்ல. ஜெனீவா மருத்துவப் பிரகடனம், நோயாளர் இறந்த பின்னரும் அவரது இரகசியத்தைக் காக்குமாறு வைத்தியர்களிடம் கோருகிறது. இலங்கையின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும், எழுத்துமூலச் சம்மதமின்றி ஒருவரது மருத்துவப் பதிவுகளை இன்னொருவர் கோரிப் பெறமுடியாது. 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவல்களை விசேட பாதுகாப்புக்குரியவையாக வகைப்படுத்துகிறது.

கண்ணியம் சிறிய செயல்களில்தான் இருக்கிறது. உடல் துடைக்கும்போது திரையை இழுத்துவிடுவது, தொடுவதற்கு முன் பெயர் சொல்லி அழைப்பது, கட்டிலருகே நின்று அவரைப் பற்றி உரத்துப் பேசாதிருப்பது. மயக்க மருந்தின் கீழ் இருந்த சிலர், அருகில் பேசப்பட்டவற்றைப் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். தமிழ் தெரியாத வைத்தியருக்குப் பக்கத்துக் கட்டில்காரரின் உறவினர் மொழிபெயர்ப்பது உதவிதான். ஆனால், அதோடு குடும்பத்தின் இரகசியமும் விடுதி முழுவதற்கும் தெரிந்துவிடும்.

எங்கள் தொழிலுக்கும் இதில் பங்குண்டு. போரில் காயமடைந்து நினைவிழந்து கிடந்தவர்களின் முகங்களைச் சாட்சியமாக வெளியிட்டோம். சாட்சியம் தேவைப்பட்டது. ஆனால், அந்த முகங்களுக்குரியவர்களிடம் சம்மதம் கேட்க வழியிருக்கவில்லை. உயிர் தப்பியவர்களிடம் பிறகும் நாம் கேட்கவில்லை. இன்று கைபேசியோடு வைத்தியசாலைக்குள் போகும் எல்லோருக்கும் அதே பொறுப்பு இருக்கிறது.

குடும்பங்கள் செய்யக்கூடியவையும் உண்டு. "தனியாகக் கதைக்கலாமா?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். தகவல் பெறுவதற்குக் குடும்பத்தில் ஒருவரை நியமியுங்கள். மொழி விளங்காவிட்டால், தமிழ் தெரிந்த வைத்தியரையோ தாதியையோ அழைக்கச் சொல்லுங்கள். கட்டிலில் கிடப்பவரைப் படமெடுத்து முகநூலில் போடாதீர்கள்.

அந்த மனைவியைத் தனியறைக்கு அழைத்து, கதவைச் சாத்திவிட்டு அதே கேள்வியைக் கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும்.