அச்சரப்பாக்கம் போலீஸ் ஸ்டேஷனுக்கு டெல்லியிலிருந்து பணம் வருமா? மத்திய நிதி எப்படிப் பங்கு பிரிகிறது? - முழு விளக்கம்

சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஊர் அச்சரப்பாக்கம். இங்கே ஒரு கடையில் திருட்டு நடந்தால் முதல்ல எல்லாரும் கேட்பது, "கேமரா வேலை செய்யுதா?" என்பதுதான். அடுத்த கேள்வி, "போலீஸுக்கு மத்திய அரசு கோடிக்கணக்குல பணம் தருதே, அது எங்கே போகுது?"

நியாயமான கேள்வி. பதிலைப் பார்ப்போம்.

காவல்துறை யார் பொறுப்பு?

அரசியலமைப்பின் 7-வது அட்டவணைப்படி, காவல்துறை மாநிலப் பட்டியலில் வருகிறது. அதனால் ஏட்டு முதல் எஸ்.பி. வரை சம்பளம், ரோந்து வண்டிக்கு டீசல் போன்ற அன்றாடச் செலவுகள் மாநில அரசின் தலையில்தான். நவீன ஆயுதம், தகவல் தொடர்புக் கருவி, தடயவியல் சாதனம், பயிற்சி உபகரணம் போன்றவற்றுக்கு மத்திய அரசு கைகொடுக்கிறது. 'காவல்துறை நவீனமயமாக்கல் திட்டம்' என்ற பெயரில் 1969-70 முதல் இது நடக்கிறது.

எவ்வளவு பணம்?

2021-22 முதல் 2025-26 வரையிலான 5 ஆண்டுகளுக்கு ரூ.26,275 கோடிக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. கேட்க பெரிய தொகைதான். ஆனால் இதில் ரூ.18,839 கோடி ஜம்மு காஷ்மீர், வடகிழக்கு, மாவோயிஸ்ட் பாதிப்புள்ள பகுதிகளின் பாதுகாப்புச் செலவுக்கு. மாநில போலீஸை நவீனமாக்க ஒதுக்கியது ரூ.4,846 கோடி. நாடு முழுக்க எல்லா மாநிலங்களும் பகிர வேண்டிய தொகை இது.

60:40 கணக்கு என்ன?

தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு மத்திய பங்கு 60%, மாநிலப் பங்கு 40%. ரூ.1 கோடி திட்டம் என்றால் டெல்லி ரூ.60 லட்சம், சென்னை ரூ.40 லட்சம் தர வேண்டும். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு இது 90:10.

ஸ்டேஷனுக்கு எப்படி வந்து சேரும்?

அச்சரப்பாக்கம் ஸ்டேஷன் பெயரில் டெல்லியிலிருந்து செக் வராது. மாநில அரசு ஆண்டுதோறும் செயல் திட்டம் தயாரித்து அனுப்ப, உள்துறை அமைச்சகம் ஒப்புதல் தரும். பணம் மாநில அரசுக்கு வந்த பிறகு, பெரும்பாலும் தலைமை அளவில் கொள்முதல் நடக்கும். மாவட்டத்துக்கு வருவது பொருளாகத்தான். வாங்கிய பணத்தைச் செலவு செய்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் தராவிட்டால் அடுத்த தவணை தள்ளிப்போகும். ஒரு ஆபீசில் ஃபைல் தூங்கினால், பாதிப்பு கடைசியில் ஊர் ஸ்டேஷனுக்குத்தான்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே 'பைர்ன்' நீதி உதவி மானியத்தில், தகுதியுள்ள நகரமும் கவுன்டியும் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். சில இடங்களில் நகரமும் கவுன்டியும் தொகையை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன.

வேறு என்ன நிதி?

* நிர்பயா நிதி: 2013-ல் தொடங்கியது. 10,000 காவல் நிலையங்களில் பெண்கள் உதவி மையம் அமைக்க ரூ.100 கோடி, அதாவது ஸ்டேஷனுக்கு சராசரியாக ரூ.1 லட்சம். சென்னை உட்பட 8 நகரங்களுக்கான பாதுகாப்பான நகரம் திட்டமும் இதில்தான். கிராமப்புற செங்கல்பட்டு அந்தப் பட்டியலில் இல்லை.
* சி.சி.டி.என்.எஸ்.: எஃப்.ஐ.ஆரை கம்ப்யூட்டரில் ஏற்றி, ஸ்டேஷன்களை இணைக்கும் திட்டம். 2009-ல் ரூ.2,000 கோடிக்கு ஒப்புதல்.
* கடலோரப் பாதுகாப்புத் திட்டம்: 2005-ல் ஒப்புதல் பெற்று, மும்பை தாக்குதலுக்குப் பின் விரிவானது. இரண்டு கட்டங்களில் நாட்டின் கடலோரத்துக்கு 204 காவல் நிலையங்கள். மாமல்லபுரம் பக்கம் ஈ.சி.ஆர். கடற்கரைக்குப் பொருந்துவது இதுதான். படகு மத்திய நிதியில் வரலாம். ஓட்டும் ஆளுக்குச் சம்பளம் மாநிலம்தான் தரணும்.

கடைத்தெரு கேமரா?

பல ஊர்களில் இவை வியாபாரிகளும் பொதுமக்களும் சேர்ந்து போட்ட பணத்தில் வந்தவை. வைக்கும்போது விழா நடக்கும். ரிப்பேர் ஆனால் யார் சரிசெய்வது என்பதில்தான் சிக்கல். ஸ்டேஷனுக்குள் இருக்கும் கேமரா அப்படியல்ல. எல்லா காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. அதற்கு நிதி தருவது அரசின் கடமை.

நீங்க என்ன செய்யலாம்?

தகவல் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டணம் செலுத்தி, செங்கல்பட்டு எஸ்.பி. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடலாம். எந்தத் திட்டத்தில், எந்த ஆண்டு, என்ன பொருள் நம்ம ஸ்டேஷனுக்கு வந்தது, அது இப்போது இயங்குகிறதா என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "பணம் எங்கே?" என்பதைவிட "பொருள் எங்கே?" என்று கேட்டால்தான் தெளிவான பதில் கிடைக்கும்.